ராஜா இருந்தார், காசு வரவில்லை

ஒரே ஒரு பவுன் காசு, விலை ஒரு மில்லியன் பவுண்டு! 2020 ஜனவரியில் பிரிட்டனில் நடந்த விற்பனை இது. நம் அம்மாக்கள் நகைக்கடையில் “எத்தனை பவுன்?” என்று கேட்கிறார்களே, அதே சவரன்தான். எடை எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய தங்க விலைக்கு முந்நூறு பவுண்டுகூடத் தேறாது.

மீதிப் பணம் எதற்கு? அதில் இருக்கும் தலைக்கு. எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் மன்னரானார். வாலிஸ் சிம்ப்சனைக் கைப்பிடிப்பதற்காக அதே ஆண்டு டிசம்பரில் முடியைத் துறந்தார். 1937 என்று ஆண்டு போட்டு மாதிரிக் காசுகள் தயாராக இருந்தன. புழக்கத்துக்கு விட இன்னும் சில வாரங்களே பாக்கி. எல்லாம் நின்றுபோனது. ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டுப் பூட்டியவை 1970 வரை திறக்கப்படவில்லை.

அந்தத் தலையிலும் ஒரு வம்பு உண்டு. முந்தைய மன்னர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த வழக்கம். எட்வர்டோ, அப்பாவைப் போலவே இடப்பக்கம்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். தலை வகிடு அந்தப் பக்கம்தான் நன்றாகத் தெரியுமாம்! (செல்ஃபி எடுக்கும் நம் பிள்ளைகள் பரவாயில்லை.)

பன்னிரண்டு பக்கம் கொண்ட புதிய மூன்று பென்னி காசு மட்டும் கொஞ்சம் வெளியே போனது. காசு போட்டால் இயங்கும் இயந்திரங்களில் சரியாக விழுகிறதா என்று பார்க்க நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். போனதெல்லாம் திரும்பி வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், நம் நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு நேயர். “வெளியிடப்படாத எட்வர்டு வெள்ளிக் காசு, 800 ரிங்கிட் சொல்றாங்க. வாங்கலாமாண்ணா?” என்றார். மகளின் பள்ளிச் செலவுக்கு எடுத்து வைத்த பணம் அது. வேண்டாம் என்றேன். அசல் மாதிரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை இணையச் சந்தையில் 800க்கு வராது. தனியார் பிற்காலத்தில் அடித்த கற்பனைக் காசுகள்தான் ஏராளம். 1936 என்று ஆண்டு போட்டு அவர் தலையும் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

மலாயாவுக்கு அவர் தலை போட்ட காசு வரவே இல்லை. தாத்தாவின் டப்பாவில் 1939 காசு கிடந்தால் அதில் இருப்பவர் தம்பி ஆறாம் ஜார்ஜ்.

எட்வர்டு பெயர் போட்ட ஒன்று வேண்டுமென்றே ஆசையா? ஃபிஜி, கிழக்கு ஆப்பிரிக்கா, நியூ கினி ஆகிய இடங்களுக்கு 1936இல் அடித்த ஓட்டைக் காசுகளைத் தேடுங்கள். நடுவில் துளை இருப்பதால் தலைக்கு இடமில்லை, பெயர் மட்டும்தான். அதனால்தான் அவை தடையின்றிப் புழங்கின. பெரும்பாலானவை குறைந்த விலையிலேயே கிடைக்கும். வாங்கினால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பு போய்விடும்.