249 கிராம்

சென்ற வாரம் மாலை நடையின்போது காந்தி சிலை அருகே ஒரு நண்பரைப் பார்த்தேன். சொல்தா பென்ஷன்காரர். பேரன் அடுத்த மாதம் விடுமுறைக்குப் பிரான்சு போகிறானாம். கையோடு கேமரா வைத்த சின்ன ட்ரோன் ஒன்றையும் எடுத்துப் போகிறானாம். "அதுக்கு அங்கே பதிவு ஏதாவது வேணுமே, பார்த்தீங்களா?" என்றேன். "250 கிராமுக்குக் கீழே இருந்தா ஒண்ணுமே வேணாமாம் சார், கடைக்காரனே சொல்லிட்டான்" என்றார்.

இந்த வாக்கியத்தை முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து என் தம்பி என்னோடு பேசுவதில்லை. அதனால் இன்று கொஞ்சம் காட்டமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலையில் சர்செல்லில் மகள் வீட்டில் இருந்தேன். பாரீசுக்கு வடக்கே, நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தம்பி மகன் இரண்டு வாரம் சுற்றிப் பார்க்க வந்தான். வந்த மூன்றாம் நாளே பாரீசில் ஒரு கடையில் ட்ரோன் வாங்கிவிட்டான். 249 கிராம். கடைக்காரர் சொன்னது மேலே எழுதியதுதான், ஆங்கிலத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஐந்தாம் மாடி பால்கனியில் நின்றபடியே பறக்கவிட்டான். போனில் சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் விரலால் தள்ளிவிட்டான். கார் நிறுத்தும் இடம், குழந்தைகள் விளையாடும் மணல்திட்டு எல்லாம் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போனது. அங்கே ஒரு வயதான அம்மாள் வீட்டு உடையோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ட்ரோன் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றது. கையிலிருந்த ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் உள்ளே ஓடினார். நான் அதைப் போன் திரையில் பார்த்தேன். பார்த்துவிட்டோமே என்ற கூச்சம் இன்னும் போகவில்லை.

அரை மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். தம்பி மகனுக்குப் பிரெஞ்சு வராது, ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதலில் கேட்டது ஒரே கேள்வி: பதிவு எண் எங்கே? இவன் என்னிடம் தமிழில், "பெரியப்பா, இது விளையாட்டுச் சாமான்னு சொல்லுங்க, விட்டுருவாங்க" என்றான்.

நான் சொல்லவில்லை. "எண் இல்லை, விதி தெரியாமல் செய்துவிட்டான், மன்னிக்க வேண்டும்" என்று உள்ளதைச் சொன்னேன். அறுபது வருடத்துக்கு முன்னால் பள்ளியில் படித்த பிரெஞ்சு அல்லவா, அரசாங்கக் கடிதம் வாசிப்பதுபோல் இருந்திருக்கும். இளையவர் சிரித்துவிட்டார். படத்தை அழிக்கச் சொன்னார்கள், பாஸ்போர்ட் விவரத்தை எழுதிக்கொண்டார்கள், நன்றாக எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

இரவு தம்பி போன் செய்தான். "அந்நிய ஊர்ல சொந்த ரத்தத்தையே காட்டிக் குடுத்துட்டியே அண்ணே. ஆபீஸ்ல இருந்தப்பவும் நீ இப்படித்தான்" என்றான். இப்படித்தான் இருந்தேன். அதை அவன் வசவாகச் சொன்னான், வேறென்ன செய்ய.

இனி அந்த 250 கிராம் கதைக்கு வருகிறேன். கடைக்காரர்கள் முழுப் பொய் சொல்வதில்லை, பாதி உண்மையைச் சொல்கிறார்கள், அதுதான் கோபம். எடை குறைந்தால் சலுகை உண்டு. பயிற்சியும் தேர்வும் கட்டாயமில்லை. வழியில் போகிறவர் தலைக்கு மேல் அது தாண்டிப் போனால் குற்றமில்லை, கூட்டத்துக்கு மேல் மட்டும் கூடாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2020 டிசம்பர் 31 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கேமரா இருந்தால் எடை எவ்வளவு குறைவானாலும் பறக்கவிடுகிறவர் பதிவு செய்தாக வேண்டும். சுற்றுலா வந்தவருக்கும் அதேதான். முதலில் பறக்கவிடும் ஒன்றிய நாட்டில் பதிந்தால் போதும், மற்ற நாடுகளிலும் அந்த எண் செல்லும். அதை ட்ரோன் மேலேயே ஒட்ட வேண்டும். பிரான்சில் இதற்குக் கட்டணம்கூடக் கிடையாது.

விளையாட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு, உண்மை. ஆனால் ஐரோப்பியச் சட்டத்தில் விளையாட்டுச் சாமான் என்றால் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விளையாடச் செய்தது. எங்கள் பெட்டியில் 16 வயதுக்கு மேல் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, மேசை மேலேயே கிடந்தது. நான் பொய்யை மொழிபெயர்த்திருந்தாலும் அது ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

யோசித்துப் பாருங்கள், எடை என்பது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. கேமரா என்பது அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதன் கணக்கு. சட்டம் இரண்டையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்திருக்கிறது. கடைக்காரர் முதல் தராசை மட்டும் காட்டுகிறார். தனி இடத்தில் இருப்பவரைச் சம்மதமில்லாமல் படம் எடுத்து அந்தரங்கத்தில் தலையிட்டால் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் 226-1 வரை போகும்: ஓராண்டு சிறை, 45,000 யூரோ அபராதம். கிராம் கணக்கே அதில் இல்லை.

இவன் மீறியது அது மட்டுமா? ஊருக்குள் பொது இடத்துக்கு மேலே பறக்கவிடக் கூடாது. கார் நிறுத்துமிடத்துக்கு மேல் போனதே தவறு. சர்செல்லுக்கு ஒரு பக்கம் லெ பூர்ஜே விமான நிலையம், இன்னொரு பக்கம் ருவாசி. எங்கே எவ்வளவு உயரம் போகலாம் என்று ஜியோபோர்த்தாய் தளத்தில் வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். தடுத்த வான்பகுதியில் கவனக்குறைவாகப் போனாலே ஆறு மாதச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை உண்டு. உயர வரம்பு 120 மீட்டர், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும், இரவில் கூடாது என்பதெல்லாம் தனி.

"நம்மூர்க் கல்யாணத்துல மண்டபத்துக்கு மேலேயே பறக்குதே" என்று நண்பர் மடக்கினார். கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டு வருகிறது அது. சர்செல் அம்மாள் யாரைக் கூப்பிட்டார்? மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் முன்னால் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இதை நிறுத்தினால் சும்மா இருப்போமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விதிகளை எழுதியவர்கள் படிக்கிறவரை நினைத்து எழுதவில்லை. ஏ1, ஏ2, ஏ3 என்று ஒரு வரிசை, சி0 முதல் இன்னொரு வரிசை. கோப்பிலேயே வாழ்ந்த எனக்கே இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றியத்தைத் தாண்டினால் ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் 2026 ஜனவரி முதல் 100 கிராமிலிருந்தே தேர்வு எழுத வேண்டும். மொராக்கோவுக்கு விடுமுறை போகும் நம்மவர்கள் பெட்டியில் ட்ரோனே வைக்கக் கூடாது. அதனால்தான் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், அந்தந்த நாட்டு விமானத் துறை சொல்வதைப் படியுங்கள் என்கிறேன். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள், பிரெஞ்சில் இருந்தால் நான் படித்துச் சொல்கிறேன்.

பிரான்சிலிருந்து பேரப்பிள்ளைகள் இங்கே வரும்போதும் கவனம். 2022 பிப்ரவரி முதல் இந்தியாவுக்குள் வெளிநாட்டு ட்ரோன் கொண்டுவரத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புக்கு மட்டும்தான் விலக்கு. பேரன் ஆசையாகக் கொண்டுவந்ததைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லித்தான் தம்பி மகன் கிளம்பும்போது தடுத்தேன். முறைத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனான். ட்ரோன் இன்னும் சர்செல்லில் மகள் வீட்டு அலமாரி மேல்தட்டில், பெட்டியோடு இருக்கிறது. அடுத்த முறை வந்தால் பதிவு செய்து, ஊருக்கு வெளியே வயல் பக்கம் கூட்டிப் போய்ப் பறக்கவிட நானே கூட வருகிறேன் என்று அவனுக்கு எழுதினேன். பதில் இல்லை. பொங்கலுக்கும் தம்பி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.