அப்பாவின் டி டிரைவும் ‘நோ ரிசல்ட்ஸ்’ஸும்

ரொம்ப நாளாக டிராஃப்டில் தூங்கிய பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் புலம்பல். டெக்னிக்கல் ஆகாதவர்கள் நடுவில் நாலு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம், கோவிச்சுக்க மாட்டேன். கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். ஒரு பக்கம் அம்பத்தூர், இன்னொரு பக்கம் ஆவடி. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். சாயங்காலமானால் எங்கள் நகர் நலச்சங்கத்தின் செயலாளர். 2003லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் தெருவிளக்கு, மழைநீர் வடிகால், ரேஷன் கடை என்று அவர் எழுதாத மனு கிடையாது. எல்லாமே தமிழில், வேர்டில் அடித்தவை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரிலிருந்து சிடி, சிடியிலிருந்து பென் டிரைவ், அதிலிருந்து என் லேப்டாப்பின் டி டிரைவ் என்று கூடு விட்டுக் கூடு பாய்ந்து பத்திரமாக வந்து சேர்ந்தவை.

போன வருஷம், லேஅவுட்டில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் ஒருநாள் திடீரென்று கம்பி வேலி முளைத்தது. கேட்டால் தனியார் இடம் என்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து, “அது பூங்கா இடம்தான்னு எழுத்துலயே பதில் வாங்கியிருக்கோம். அந்தப் பதிலைக் குறிப்பிட்டு நானே இன்னொரு மனு எழுதியிருக்கேன்” என்றார். எந்த வருஷம்? ஞாபகம் இல்லை. காகிதக் கட்டு? 2015 டிசம்பர் மழையில் சங்க அலமாரியோடு ஊறிக் கூழாகிவிட்டது. “சாருக்கு வயசாச்சு, ஏதாவது ஞாபகப் பிசகா இருக்கும்” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சாஃப்ட்வேர் என்ஜினியர் மகன் எதுக்கு இருக்கான்? அன்று ராத்திரியே டி டிரைவைத் திறந்து தேடல் பெட்டியில் ‘பூங்கா’ என்று தட்டினேன். நோ ரிசல்ட்ஸ். ‘மனு’ என்று தட்டினேன். அதுவும் இல்லை. ஆயிரம் மனு இருக்கிற ஃபோல்டரில் ‘மனு’ என்ற சொல்லே இல்லையாம்!

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “என்னடா, உலகத்தையே கூகிள்ல தேடுறீங்க, வீட்டுக்குள்ள இருக்கறதைத் தேட முடியலையா?”

நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது? புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே வேலைதான். நாம் சும்மா இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, எந்தச் சொல் எந்த ஃபைலில் என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். நாம் தட்டும்போது அந்தப் பட்டியலைத்தான் புரட்டும். 2004ல் கூகிள் டெஸ்க்டாப் வந்தது (2011ல் மூடிவிட்டார்கள்). 2005ல் மேக்கில் ஸ்பாட்லைட் வந்தது. 2007ல் விஸ்டாவோடு விண்டோஸின் தேடலும் இந்த வழிக்கு முழுசாக மாறியது. ஆக, இது இருபது வருஷப் பழைய சமாச்சாரம்.

முதல் ஓட்டை உடனே தெரிந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தேடல் செட்டிங் ‘கிளாசிக்’ என்றுதான் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் மாதிரி சில ஃபோல்டர்களைத் தாண்டி அது எட்டிப் பார்க்காது. பட்டியலில் இல்லாத இடத்தில் தேடினால் ஃபைலின் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. ‘என்ஹான்ஸ்டு’ என்று மாற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து தேடினால் மறுபடியும் நோ ரிசல்ட்ஸ்.

ஒரு ஃபைலைத் திறந்து, அதிலிருந்த வரியை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். தமிழ் போய்விட்டது. ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக ஏதோ உளறல். அப்போதுதான் உறைத்தது. எல்லாம் பாமினி!

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். பாமினி ஃபான்டில் ‘அம்மா’ என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஃபான்ட் அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்பா பன்னிரண்டு வருஷம் ஆங்கிலத்தில் பிதற்றியிருக்கிறார். “சரி, அந்த ஆங்கில எழுத்தையே அடித்துத் தேடலாமே” என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு: நானும் முயன்றேன். பாமினியில் சின்ன கே என்றால் ‘ம’, பெரிய கே என்றால் ‘மு’. தேடல் பெட்டிக்கோ சின்ன எழுத்து, பெரிய எழுத்து எல்லாம் ஒன்று. போதாததற்குச் செமிகோலனைப் பார்த்ததும் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடும். வந்து விழுவதெல்லாம் குப்பை.

இதில் அப்பா மேல் தப்பே இல்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 2000லிருந்து ‘லதா’ ஃபான்டோடு ஆதரவும் வந்துவிட்டது. ஆனால் 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழக அரசு தரம் என்று அறிவித்தது டாம், டாப் குறியீடுகளை. யூனிகோடை அரசு ஏற்றது 2010 ஜூனில்தான். நடுவில் இருந்த பத்து வருஷமும் டிடிபி சென்டர்களின் ராஜ்ஜியம். அங்கே என்ன ஃபான்ட் சொல்லிக் கொடுத்தார்களோ அதுதான் தமிழ். பிரிண்ட் எடுத்தால் அழகாக வரும், கையெழுத்துப் போட்டு மனுவைக் கொடுத்துவிடலாம். பிற்பாடு ஒருநாள் தேட வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

சரி, எப்படி மீட்டேன்? பழைய டாக் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் வழியாக மொத்தமாக டாக்ஸ் ஆக்கினேன். டாக்ஸ் என்பது ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால், எந்தத் துண்டு எந்த ஃபான்டில் இருக்கிறது என்ற குறிப்போடு எழுத்து உள்ளே இருக்கும். இந்தக் குறிப்பு முக்கியம். அவசரப்பட்டு ஃபைல் முழுவதையும் மாற்றியில் போட்டால் நடுவில் இருக்கும் நிஜமான ஆங்கிலமும் தமிழாகிவிடும். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். சர்வே எண்ணின் உட்பிரிவில் இருந்த பெரிய ‘பி’, ‘டீ’ ஆகிவிட்டது. பூங்கா போய் டீக்கடை :-) எந்த எழுத்துக்காகத் தேடுகிறோமோ அதையே அழித்துவிட்டுத் தேடினால் என்ன பிரயோஜனம்? அப்புறம் பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றுகிற மாதிரி சின்னதாக ஒரு பைதான் நிரல் எழுதினேன். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் என்று நம் ஆட்கள் 2000களிலேயே இலவசமாகச் செய்து கொடுத்த மாற்றிகள் இருக்கின்றன. மூல ஃபைலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

யூனிகோடு ஆன பிறகும் தமிழ் தன் வேலையைக் காட்டும். ‘அம்பத்தூர்’ என்று தேடினால் ‘அம்பத்தூரில்’ வராமல் போகலாம். கடைசியில் உள்ள புள்ளி போய் அங்கே கொக்கி வந்துவிடுகிறதே! புள்ளி வைக்காமல் ‘அம்பத்தூர’ என்று தட்டினால், சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்துகிற தேடலில் இரண்டுமே மாட்டும். ‘இடம்’ என்று தேடினால் ‘இடத்தை’ வராது, ‘இட’ என்று நிறுத்த வேண்டும். ‘பூந்தமல்லி’ என்று தேடினால் ‘பூவிருந்தவல்லி’ என்று எழுதிய கடிதம் தப்பிவிடும். எங்கள் ஊரையே வாயில், வாயல் என்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இதெல்லாம் மென்பொருளின் தப்பு மட்டும் இல்லை. நம் மொழிக்கு எப்படித் தேட வேண்டும் என்று நாமும் பழக வேண்டும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ‘பூங்கா’ என்று தட்டினேன். இருபத்துமூன்று கடிதம். அதில் 2007ல் எழுதிய ஒன்றில், ‘பார்வை’ என்ற இடத்தில், அப்பா சொன்ன அந்தப் பதிலின் எண்ணும் தேதியும் இருந்தன. பதில் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் எண்ணும் தேதியும் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேட்கலாம். கேட்டிருக்கிறோம். வேலி இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாம் நம்புகிற தமிழில் ஏகப்பட்டது இந்த டி டிரைவ் மாதிரிதான் கிடக்கிறது. சங்க மலர், கோயில் கணக்கு, தாத்தாவின் நாட்குறிப்பு, சிறுபத்திரிகைப் பழைய இதழ்கள். “ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கிட்டோமே” என்பார்கள். ஸ்கேன் என்பது போட்டோ. அதை ஒரு ஓசிஆர் மென்பொருள் படித்து எழுத்தாக்கினால்தான் தேட முடியும். டெஸராக்ட் இலவசம், தமிழும் தெரியும். 2018ல் வந்த நாலாம் பதிப்புக்குப் பிறகு நன்றாகவே படிக்கிறது. காலையும் ‘ர’வையும் குழப்பிக்கொள்ளும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும். “எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கும்” என்பவர்களுக்கும் ஒன்று. ஆயிரம் ஃபைலில் எதைக் கொண்டுபோய் அதனிடம் கொடுப்பது என்பதற்கே முதலில் தேட வேண்டுமே!

முடியாத காரியமா என்றால் இல்லை. மதுரைத் திட்டம் 1998ல் தொடங்கியபோது அவர்களிடம் இருந்ததும் பழைய குறியீடுதான். பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்த நூல்களில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க முடிகிறது. நம் வீட்டு ஃபைலுக்கு அப்படி ஒரு குழு வராது. நாம்தான் செய்ய வேண்டும். அதுவும் எந்த ஃபான்டில் அடித்தோம், எந்த ஃபோல்டரில் போட்டோம் என்று தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே.

பதிவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய தமிழ் ஃபைல் ஒன்றைத் திறந்து கன்ட்ரோல் எஃப் தட்டி, கண் முன்னால் தெரிகிற ஒரு சொல்லை யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அது இன்னும் காகிதம்தான். மின்னூல் போடுகிறவர்கள் பிடிஎஃபோடு எழுத்துக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்றைக்கு அந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சங்கத்தில் அவரோடு பொருளாளராக இருந்து காலமாகிவிட்ட நண்பரின் பெயரைச் சொல்லி, “அவன் பேரைப் போடு பாக்கலாம்” என்றார். நாற்பத்தொரு ஃபைல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

டிஸ்கி: உங்கள் ஃபைல் எந்த ஃபான்ட் என்றே தெரியவில்லை என்றால் பின்னூட்டத்தில் ஒரு வரி ஒட்டுங்கள். தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.