பத்தாவது ஆள்



சென்ற ஆண்டு நம் பங்கிலிருந்து ஒரு பேருந்து நிறைய மக்கள் வல்லார்பாடம் அன்னையின் திருத்தலத்துக்குத் திருயாத்திரை சென்றுவந்தோம். வழிபாடு முடிந்தபின் அரைநாள் மீதமிருந்தது. மட்டாஞ்சேரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இளைஞர் கேட்டனர். பழைய மிளகுக் கிடங்குகள் நிறைந்த அந்தத் தெருவின் கோடியில், அரண்மனையை ஒட்டினாற்போல் நிற்கிறது பரதேசி செபக்கூடம். 1568 ஆம் ஆண்டில் யூதர்கள் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். தரையெல்லாம் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நம் கோவில்பிள்ளையின் தாயார் மட்டும் என் அருகில் வந்து, "சாமி, இங்கே பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

நுழைவுச்சீட்டுக் கொடுப்பவரிடம் அக்கேள்வியை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். "பத்துப்பேர் வந்தால் உண்டு, அச்சோ. வராவிட்டால் இல்லை" என்றார்.

குருமடத்தில் படித்த செய்திதான். ஆயினும் அந்த வெறுமையான பலகைகளின் நடுவே கேட்டபோது நெஞ்சில் வேறுவிதமாய்த் தைத்தது. பதின்மூன்று வயது நிரம்பிய யூத ஆண்கள் பத்துப்பேர் கூடினாலன்றிச் செபக்கூடத்தில் பொது வழிபாடு இல்லை. தனியே ஒருவர் செபிக்கத் தடையில்லை; ஆனால் மோயீசனின் ஆகமச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து முறைப்படி வாசிக்க இயலாது. இறந்தோருக்காக உறவினர் சொல்லும் 'கதீஷ்' என்னும் செபத்தையும் சொல்ல இயலாது. அச்செபத்தில் சாவைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை, முழுவதும் இறைப்புகழ்ச்சியே. தாயை இழந்த மகன் எழுந்து நின்று இறைவனைப் புகழவேண்டும். அதற்கு 'ஆமென்' சொல்ல அயலார் ஒன்பது பேர் உடனிருக்கவேண்டும்.

கொட்டும் மழையில் நானும் கோவில்பிள்ளையும் மட்டுமாகத் திருப்பலி நிறைவேற்றிய நாட்கள் எனக்கு உண்டு. ஆள் வரவில்லையே என்று வருந்தியதுண்டேயன்றிப் பூசை நின்றுவிடுமோ என்று அஞ்சியதில்லை. கொச்சி யூதரின் நிலைமை நேர்மாறானது. அவர்களிடையே நம்மைப் போன்ற குருக்கள் இல்லை; பட்டம் பெற்ற ரபிகளும் இருந்ததில்லை. வியாபாரியும் எழுத்தரும் வழக்கறிஞரும் எபிரேயம் கற்று, பண்ணுடன் வாசிக்கப் பழகி, தாமே வழிபாட்டை நடத்தினர். குரு இல்லாமல் நூற்றாண்டுகள் நடந்த செபக்கூடம் இது. பத்தாவது ஆள் இல்லாமல் ஒரு மாலைகூட நடக்காது. "பெண்களை எண்ணமாட்டார்களா?" என்று நம் அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. வேறு நாடுகளில் எண்ணும் யூத சபைகளும் உண்டு. கொச்சியில் பழைய முறையே.

நம்முள் பலருக்கு யூதர் என்றால் தபசுகாலத்துப் பாஸ்கு நாடகத்தில் ஒட்டுத்தாடியும் உரத்த குரலுமாக வந்து, "சிலுவையில் அறையும்" என்று கத்துபவர்களே நினைவுக்கு வருவார்கள். ஆண்டவர் தம் வழக்கப்படி ஓய்வுநாளில் நாசரேத்துச் செபக்கூடத்துக்குச் சென்று ஏட்டுச்சுருளை விரித்து வாசித்தார் என்று லூக்காஸ் எழுதியிருப்பதைப் பூசையில் கேட்டும், அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதை மறந்துவிடுகிறோம். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்திருந்த கடுஞ்சொல்லை 1959 இல் பாப்பரசர் 23 ஆம் அருளப்பர் நீக்கினார். யூத இனம் முழுவதன்மேலும் ஆண்டவருடைய சாவின் பழியைச் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தெளிவாக உரைத்தது. நாடகக்காரர்களை அது இன்னும் முழுதாக எட்டவில்லை.

கொச்சியின் கதையிலும் நமக்குப் பங்குண்டு, அதை மறைப்பதற்கில்லை. 'பரதேசி' என்றால் நாம் இன்று வைகிற பொருளன்று. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள். 1492 இல் ஸ்பெயின் நாட்டின் கத்தோலிக்க அரசர்கள் யூதர்களை வெளியேற்றினர். சில ஆண்டுகளில் போர்த்துகலும் அவ்வாறே செய்தது. தப்பியோடியவர்களில் சிலர் கொச்சிக்கு வந்தனர். இங்கே அவர்களுக்கு முன்பே மலபார் யூதர்கள் நெடுங்காலமாய் வாழ்ந்துவந்தனர். ஏறத்தாழக் கி.பி. 1000 இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், அவர்கள் தலைவர் யோசேப்பு ரப்பான் என்பவருக்குப் பகல்விளக்கு, குடை, பல்லக்கு முதலிய 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு உண்டு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதனை வாசிக்கக் கேட்டால் தமிழறிந்தவருக்கும் பல சொற்கள் விளங்கும். பின்னால் வந்த பரதேசிகளுக்கும் கொச்சி அரசர் தம் அரண்மனைக் கோவிலின் மதிலை ஒட்டியே இடம் கொடுத்தார். அந்தச் செபக்கூடத்தை 1662 இல் பாழ்படுத்தியவர்கள் நம் மறையைச் சேர்ந்த போர்த்துக்கீசியர்; டச்சுக்காரருக்கு யூதர் துணைநின்றனர் என்பது அவர்கள் கோபம். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபின்னரே கட்டடம் மீண்டும் செப்பனிடப்பட்டது.

ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் இங்கே ஆண்டு முழுவதும் வேலைதான். வெள்ளி மாலை எண்ணெய் விளக்குகள் ஏற்றப்படும்; உலர்ந்த திராட்சையிலிருந்து வீட்டில் எடுத்த ரசத்தின்மீது ஆசி கூறி ஓய்வுநாளை வரவேற்பர். பாஸ்கா திருநாளுக்கோ பெண்கள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவர். வீட்டை வெள்ளையடித்து, பாத்திரங்களைத் தேய்த்து, அரிசியை மணிமணியாகப் பொறுக்கி வைப்பார்கள். புளித்த மாவின் துகள்கூட வீட்டில் தங்கலாகாது. நம் வீடுகளில் கிறிஸ்துமசுக்கு முந்திய வாரத்தில் நடக்கும் அமளியைப் பன்மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கொண்டாட்டம் மழை ஓய்ந்த புரட்டாசி ஐப்பசியில் வரும் 'சிம்ஹத் தோரா'. ஆண்டு முழுவதும் ஓய்வுநாள்தோறும் வாசித்துவந்த ஆகமத்தின் கடைசிப் பகுதியை முடித்து, அதே நாளில் ஆதியாகமத்தின் முதல் பகுதியைத் தொடங்குவார்கள்; ஓர் நாளும் இடைவெளி விடுவதில்லை. சுருள்களுக்கு வெள்ளிக் கூடும் பொன்முடியும் அணிவிப்பர். அந்த முடிகளுள் ஒன்று 1805 இல் திருவிதாங்கூர் மன்னர் அளித்த காணிக்கை. மற்ற ஊர் யூதர் செபக்கூடத்தின் உள்ளேயே சுற்றிவருவதுண்டு. கொச்சியிலோ சுருள்களைக் கைகளில் ஏந்தி வாயிலைக் கடந்து, திறந்த வெளியில் கட்டடத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு வருவார்கள். நம் ஊர்த் தேரையும் நற்கருணைப் பவனியையும் பார்த்தவர்களுக்கு அதன் மகிழ்ச்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் மாடியில் அமர்ந்திருப்பர். ஆயினும் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். திருமணத்திலும் திருநாளிலும் ஆண்களின் முன்னிலையிலேயே மலையாளப் பாடல்கள் பாடினர். யாக்கோபும் யோசேப்பும் எஸ்தரும் அப்பாடல்களில் நடமாடுவர். தாய் எழுதிவைத்த நோட்டைப் பார்த்து மகள் தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். அவ்வாறு காக்கப்பட்ட பாடல்களில் ஒரு தொகுதியைப் பேராசிரியர் ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேல் என்னும் அறிஞரும் 2005 இல் எருசலேமில் வெளியிட்டனர்.

இவ்வளவு நிறைவான சமூகத்தின் நடுவே ஒரு முள் இருந்தது. பரதேசி யூதரிடம் அடிமைகளாயிருந்து யூத மறையில் விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரை 'மெசுக்ராரிம்', அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று அழைத்தனர். விடுதலை சொல்லளவில்தான். அவர்கள் செபக்கூடத்தின் உள்ளே மற்றவர்களோடு அமரக்கூடாது. முன்கட்டின் தரையிலோ படியிலோ இருக்கவேண்டும். ஆகமம் வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். பெண் கொடுத்தல் வாங்கல் இல்லை. அடக்கம் செய்யவும் தனி இடம்.

அக்குடும்பம் ஒன்றில் 1882 இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலம். சென்னையில் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். 1929 இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றார். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் மனிதர், ஓய்வுநாளில் தம் பிள்ளைகளோடு வெளிப்படியில் அமரவேண்டும். அவர் வேறு செபக்கூடத்தைத் தேடிப் போய்விட்டிருக்கலாம். சிலர் அவ்வாறு போயினர். சாலமோ காந்தியடிகளின் வழியில் அந்தப் படியிலேயே சத்தியாக்கிரகமாக அமர்ந்தார். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் அவரைக் கடந்துதான் செல்லவேண்டியிருந்தது. ஆண்டுகள் சென்றன. சிறிது சிறிதாகவே தடைகள் தளர்ந்தன. உள்ளே அமரலாம் என்றும் பின்னர் வாசிக்கலாம் என்றும் வந்தது. 1950 இல் அவருடைய மகனுக்கும் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. ஊரில் எதிர்ப்பிருந்தமையால் பம்பாயில் நடந்தது. 1967 இல் சாலம் இறந்தார். இன்று மட்டாஞ்சேரியில் அவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது.

இதை எழுதும்போது பிறரைக் குறை கூறுவதாக யாரும் எண்ணவேண்டாம். நான் இளங்குருவாய்ப் பணியாற்றிய ஓர் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்தது. அது ஏன் என்று நான் கேட்டபோது, மழைத்தண்ணீர் அரிக்காமலிருக்க என்றார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நிற்க. 1950 களில் என்ன நடந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். கேரளத்தில் அப்போது எட்டுச் செபக்கூடங்கள். யூதர் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களை இங்கே யாரும் துன்புறுத்தவில்லை. ஆயினும் 1948 இல் இஸ்ராயேல் நாடு தோன்றியதும், தலைமுறை தலைமுறையாக எருசலேமை நோக்கிச் செபித்தவர்களின் கால்கள் அங்கேயே இழுத்தன. மலபார் யூதர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டனர். மாளாவின் யூதர்கள் 1955 இல் தங்கள் செபக்கூடத்தையும் கல்லறையையும் ஊராட்சியிடம் எழுதி ஒப்படைத்துவிட்டுச் சென்றார்கள். பரதேசிகளும் பின்னர் ஒவ்வொரு குடும்பமாகப் போயினர். அதாவது, படியில் இருந்தவருக்கு உள்ளே இடம் கிடைத்த அதே காலத்தில், உள்ளே இருந்தவர்கள் குறையத் தொடங்கினர். பழைய நாளில் 'இவன் எண்ணிக்கையில் சேரான்' என்று ஒதுக்கிய இடத்தில், பிற்காலத்தில் பத்தாவது ஆளுக்காக எர்ணாகுளத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். சுற்றுலா வந்த வெளிநாட்டுப் பயணிகளில் யூதர் எவரேனும் உண்டா என்று விசாரித்து அழைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை நிறைந்த மாலையில் வழிபாடு. நிறையாத மாலையில் தனித்தனிச் செபம்.

1968 இல் செபக்கூடத்தின் 400 ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார்; அஞ்சல்தலையும் வெளியாயிற்று. 2018 இல் 450 ஆம் ஆண்டு விழாவுக்கு, பிரிந்து சென்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கடல்கடந்து வந்திருந்தனர். 2019 இல் சாரா கோஹன் அம்மையார் தமது 96 ஆம் வயதில் இறந்தார். ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணிகளில் பூவேலை செய்து விற்ற அவருடைய முதுமையில் மகனைப்போல் உடனிருந்து கவனித்தவர் ஓர் இஸ்லாமியர். 2024 இல் குவீனி ஹலேகுவா அம்மையாரும் மறைந்தபின், அங்கே எஞ்சிய பரதேசி யூதரை எண்ண ஒரு கையின் விரல்களே அதிகம்.

மற்றச் செபக்கூடங்களில் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ளவை இன்று காட்சிக்கூடங்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் செபக்கூடத்தின் பேழையும் மரவேலைப்பாடுகளும் போய்விட்டன. அதன் உட்புறம் எருசலேம் அருங்காட்சியகத்தில் அழகாக அமைக்கப்பட்டிருக்கிறது. இங்கே நின்ற சுவர்களில் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. எர்ணாகுளம் கடைத்தெருவின் கடவும்பாகமோ பல்லாண்டுகள் வண்ணமீனும் பூச்செடியும் விற்கும் கடையின் பின்னால் மறைந்து கிடந்து, அண்மையில் செப்பனிடப்பட்டு, மீண்டும் ஆகமச் சுருளைப் பெற்றிருக்கிறது. பாலைவன ஓரத்து நெவாத்தீம் என்னும் ஊரில் கொச்சி யூதர் தம் செபக்கூடத்தைக் கட்டிக்கொண்டு பழைய பண்ணில் பாடிவருகின்றனர். அங்கே பத்துப்பேருக்குப் பஞ்சமில்லை.

பரதேசி செபக்கூடத்தின் வாயிலில் ஓர் அறிவிப்பு இருந்தது. நம் கோவில் பலகையில் ஞாயிற்றுப் பூசையும் மறைக்கல்வியும் திருமண அறிக்கையும் எழுதுவோமே, அந்த இடத்தில் பார்வையாளர் நேரமும் கட்டணமும் இருந்தன. சனிக்கிழமையும் யூதத் திருநாட்களிலும் பார்வை இல்லை. வழிபடுவோர் இல்லாவிடினும் ஓய்வுநாள் ஓய்வுநாளே என்று கதவைச் சாத்துகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நேரம் முடிந்து வெளியே வந்தோம். நம் அம்மாள் செருப்பு மாட்டிக்கொள்ளாமல் ஆட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டியிலே ஆம்பிளைங்க பதினாறு பேர் இருக்காங்களே சாமி. கொஞ்சநேரம் உட்கார்ந்து எழுந்தா ஆகாதா?"

"ஆகாதம்மா. யூதராய் இருக்கவேண்டும்."

அவர் சற்று யோசித்தார். "சேசுசாமி யூதர்தானே?"

"ஆமாம்."

"அப்படின்னா இன்னும் ஒன்பது பேர் வேணும்" என்றார்.

தெருக்கோடியில் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார்.