சத்தம் வருவதற்கு முன்பே

ஓசூர் சிப்காட்டில் லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மெஷினை ஓட்டுகிறவர்தான் அதைத் துடைத்து வைக்க வேண்டும். மெயின்டனன்ஸ் ஆள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வந்த டிபிஎம் என்ற பராமரிப்பு முறை இதை ஏழு படிகளாகச் சொல்லிக்கொடுக்கிறது. முதல் படியே சுத்தம் செய்வதுதான். துடைக்கிற கைக்குத்தான் தளர்ந்த போல்ட்டும் கசிகிற எண்ணெயும் முதலில் தட்டுப்படும். டிவிஎஸ் மோட்டார் 2002-இல் டெமிங் பரிசு பெற்றது. அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாவது ஆலை 2017-இல் பெற்றது. தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் அந்தப் பரிசுக்குப் பின்னால் எத்தனையோ பெரிய காரியங்கள் இருக்கும். துணி பிடித்த கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கைகள் வீட்டு வாசலைத் தாண்டியதும் ஏன் நின்றுவிடுகின்றன என்பதுதான் என் கேள்வி. ஆலையில் உதிரி பாகங்களைச் சுமக்கும் டிராலிக்கு அடியில் இருப்பது காஸ்டர் சக்கரம். வீட்டில் பிள்ளை உட்கார்ந்து படிக்கும் ரிவால்விங் சேருக்கு அடியில் இருப்பதும் அதுதான். டிராலி நகர மறுத்தால் உடனே பழுதைக் குறிக்கும் சிவப்பு அட்டை மாட்டுகிறோம். சேர் நகர மறுத்தால் காலால் உந்தித் தள்ளுகிறோம்.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பி ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய போர்வையை விரித்து, சேரைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். காஸ்டரைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். வரவில்லையென்றால் அடியில் துணி வைத்து ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்புவார். ஒருநாள் அவர் கழற்றிய சக்கரத்தை வாங்கிப் பார்த்தேன். அச்சைச் சுற்றி நீள முடி, அதன்மேல் பூ கட்டும் நூல், அதன்மேல் மறுபடி முடி என்று இறுகிச் சுருண்டு கிடந்தது. நடுவே நம்மூர்ச் செம்மண். பிளேடால் குறுக்கே கீறிவிட்டு இடுக்கியால் இழுத்தபோது அத்தனையும் ஒரே சுருளாக வந்தது. அதுவரை உருளாமல் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்த சக்கரம், விரலால் தட்டியதும் நிற்காமல் சுற்றியது.

“சத்தம் வந்தப்புறம் எண்ணெய் போடுறது வேலையே இல்லைங்க அக்கா. வராம பாத்துக்கறதுதான் வேலை” என்றார்.

எண்ணெய் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். சக்கரத்துக்குள் மட்டும் இளகியிருக்குமா? வெயில் காலத்தில் அது தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். நைலான் சக்கரம் தன் அச்சில் சுழல எண்ணெயே தேவையில்லை. சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கழுவியபின் நன்றாக உலர வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் உள்ளே இருக்கும் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். கட்டிலுக்கும் மேசைக்கும் அடியில் இருக்கும் இரும்பு காஸ்டரில், சுழலும் கழுத்துப் பகுதியில் குண்டு பேரிங் இருக்கும். அங்கே மட்டும் டூவீலர் மெக்கானிக் கடையில் கிடைக்கும் கிரீஸ், துளி அளவு.

சக்கரத்தில் சிக்கிய அந்தச் செம்மண்ணை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் பதிந்த ஒரு மணல் துகள், டைல்ஸின் பளபளப்பை வெள்ளைக் கோடாகக் கீறிக்கொண்டே போகும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் பதித்த வீடுகளில் தரை அவ்வளவு எளிதில் கீறல் விழாது. ஆனால் அங்கே கெட்டி நைலான் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், எழுந்திருக்கும்போது சேர் பின்னால் போய்விடும். ரிவால்விங் சேரோடு வருகிற கெட்டிச் சக்கரம் கம்பளம் விரித்த தரைக்காகச் செய்யப்பட்டது. நம் வீட்டுத் தரைக்கு விளிம்பில் மென்மையான பாலியூரித்தேன் பூசிய சக்கரம்தான் சரி. ஐரோப்பியத் தர விதிப்படி, முழுக்க ஒரே நிறமாக இருந்தால் கெட்டி வகை, விளிம்பு வேறு நிறமாக இருந்தால் மென் வகை. கடையில் நின்றபடியே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் ஸ்டாண்டைத்தான் நாம் அறவே மறந்துவிடுகிறோம். வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் ஒவ்வொரு முறையும் அதன் சக்கரங்கள் நனைகின்றன, நகர்த்துவதோ வீடு மாற்றும் நாளில் மட்டும். வாடகை வீடுகள் நிறைந்த இந்த ஊரில் அந்த நாள் அடிக்கடி வருகிறது. துருவேறி இறுகிய சக்கரத்தோடு ஃபிரிட்ஜை இழுக்கும்போது ஸ்டாண்டின் மூலைதான் உடைகிறது. மாதம் ஒருமுறை அதை ஒரு முழம் முன்னால் இழுத்து, சக்கரங்களைத் துடைத்து, பூட்டுக் கட்டை இருந்தால் அது பிடிக்கிறதா என்று பார்த்துத் திரும்பத் தள்ளினால் போதும். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பெருக்குவதும் துடைப்பதும் வீட்டுப் பெண்கள் வேலை என்று விட்டுவிட்டு, ஆலையில் மட்டும் அதையே பெருமையோடு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அங்கே கற்ற நல்ல பழக்கத்தில் வீட்டுக்கும் உரிமை உண்டு.

சக்கரம் தேய்ந்து தட்டையாகிவிட்டால் எந்தச் சுத்தமும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். பழைய சக்கரம் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். பெரும்பாலான சேர்களுக்கு 11 மி.மீ. தண்டுதான் என்றாலும் எல்லாவற்றுக்கும் அல்ல. ஐந்து சக்கரங்களையும் சேர்த்தே வாங்குங்கள். புதியது ஒன்றும் தேய்ந்தது நான்குமாக இருந்தால் உயரம் மாறி, சேர் ஆடத் தொடங்கிவிடும்.