வாட்டம் இல்லாத தரை

புதிய அடுக்ககங்களின் விற்பனைக் கையேடுகளில் குழாய் எந்த நிறுவனத்தினது, ஓடு எந்த அளவினது என்பவை தவறாமல் இடம்பெறும். குளியலறைத் தரையின் சரிவு பற்றி ஒரு வரியும் இராது. கொத்தனாரின் மொழியில் அதற்கு ‘வாட்டம்’ என்று பெயருண்டு. கையேட்டின் மொழியில் பெயரே இல்லை.

முதல் குளியலிலேயே பிழை வெளிப்படுகிறது. நீர் வடிதுளையை விட்டு வாசலை நோக்கி ஓடுகிறது. ஓட்டின் இடுக்கு வழியே இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஓதமாகப் படர்கிறது. பிறகு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சச்சரவு. கட்டியவர் அதில் எங்கும் இல்லை!

ஓடு பதிக்குமுன் தளத்தில் ஓரிரு நாள் நீர் தேக்கிப் பார்ப்பது பழகிய சோதனைதான். செலவு அற்பம். அந்த நாட்களைத்தான் ஒப்பந்தக்காரர் தர மறுக்கிறார். பழியோ சதுர அடிக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் மேல் விழுகிறது.

2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், 14(3)ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைப்பாட்டுக் குறையை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யுமாறு கட்டுநரைப் பணிக்கிறது. சாவி வாங்கும் நாளில் ஓட்டின் பளபளப்பைப் பார்ப்பவர்கள், ஒரு வாளி நீரையும் தரையில் ஊற்றிப் பார்க்கலாம். நீர் தேங்கினால் அன்றே எழுத்தில் தருவது நல்லது. வாய்மொழிப் புகாருக்கு நாள் கணக்கு நிற்பதில்லை.