பிளக் ஜோசியம்

பைக்குகள் மாசக் கடைசியில்தான் படுக்கும். நியூட்டன் எழுதாமல் விட்ட விதி இது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவது, இ.எம்.ஐ. முடிந்தும் உங்களைச் சுமக்கிற பழைய கார்புரேட்டர் வண்டிக்கு. புல்வெட்டும் மெஷினுக்கும் கல்யாண வீட்டு சின்ன ஜெனரேட்டருக்கும்கூட ஏறக்குறைய இதே ஜாதகம்தான்.

பெட்ரோல் இன்ஜின் கேட்பது மூன்றே மூன்று. காற்றோடு சரியாகக் கலந்த பெட்ரோல், வேளை தவறாத பொறி, நல்ல கம்ப்ரஷன். மூன்றாவதுதான் பர்ஸைக் கடிக்கும். அதனால் முதல் இரண்டை முதலில் பாருங்கள்.

இன்ஜின் ஆறினதும் பிளக்கைக் கழற்றுங்கள். (சிகரெட் வேண்டாம், சார்!) நுனி இளங்காப்பி நிறமா? ஆரோக்கியம். காய்ந்த கரியா? பெட்ரோல் ஜாஸ்தி, காற்று கம்மி. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, கிக்கர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினாலோதான் இன்ஜினைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் அணையுதா? பெரும்பாலும் ஸ்லோ ஜெட் அடைப்பு. மாசக்கணக்கில் நிறுத்தின வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிந்திருக்கும். ஊசியால் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை பெரிசாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று ஊதினால் போதும். அடுத்த தடவை ரொம்ப நாள் நிறுத்துவதற்கு முன்னால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் இருக்கும் எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும்.

என் பக்கத்து சீட் நண்பரின் வண்டிக்கு வேறு வியாதி. சைதாப்பேட்டையில் கிளம்பினால் கத்திப்பாரா வந்ததும் நிற்கும். பத்து நிமிஷம் கழித்து சமர்த்தாகக் கிளம்பும். “இன்ஜினை இறக்கணும், எட்டாயிரம் ஆகும்” என்று ஒருவர் சொல்லிவிட, மனுஷர் சம்பள அட்வான்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை நின்றபோது கூட இருந்தேன். டேங்க் மூடியைத் திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. அவ்வளவுதான். பெட்ரோல் கீழே இறங்க, மேலே காற்று உள்ளே போகணும். மூடியில் அதற்கென்று இருக்கிற சின்னத் துவாரத்தைப் புழுதி அடைத்திருந்தது. ஒரு சேஃப்டி பின்னோடு வைத்தியம் முடிந்தது. அட்வான்ஸ் மனு அன்றைக்கே வாபஸ்.

மெக்கானிக்கிடம் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் “வண்டி சரியில்லை”ன்னு மட்டும் சொல்லாதீர்கள். “சோக்ல ஓடுது, எடுத்தா நிக்குது, பிளக் வெள்ளையா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். ‘சார்’ என்று கூப்பிட்டவர் ‘பாஸ்’ என்பார்.

பில்லும் பாஸாகிற அளவில் வரும்.