நகராத கம்பிகள்

பாய்மரப் படகுன்னா எல்லாரும் பாயைத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2018 வரைக்கும். அப்ப நான் ஸ்கூல் பையன். தனி ஆளா உலகத்தைச் சுத்துற கோல்டன் குளோப் ரேஸ்ல போன அபிலாஷ் டோமி, செப்டம்பர் 21-ம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடல்ல புயல்ல மாட்டினார். படகு உருண்டு பாய்மரம் உடைஞ்சுது. முதுகெலும்புல அடி, எழுந்திரிக்கவே முடியலை. தேடிப்போன நம்ம கடற்படை விமானம் பார்த்தப்ப, உடைஞ்ச மரம் படகோட பக்கத்துல தொங்கிட்டு இருந்துச்சு. செப்டம்பர் 24-ல ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டுச்சு.

உடைஞ்ச மரம் கடலோட போகாம ஏன் தொங்கணும்? இதைத் தேடப் போய்த்தான் ஸ்டாண்டிங் ரிக்கிங் எனக்கு அறிமுகம். மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற எஃகுக் கம்பிகள். மரம் விழுந்தாலும் விடாது. தொங்குற மரம் ஒவ்வொரு அலைக்கும் படகை இடிக்கும். அதனாலதான் தூரக்கடல் போறவங்க பெரிய கட்டர் ஒண்ணு கையோட வெச்சிருப்பாங்க.

புத்தகத்துல இதைப் பாடம் நடத்துற விதம்தான் எனக்குப் பிடிக்கலை. ஒரு படம், இருபது அம்புக்குறி, மனப்பாடம் பண்ணு! எதுக்கு? ஒரே கேள்வி போதும்: இந்தக் கம்பியை வெட்டினா மரம் எந்தப் பக்கம் சாயும்? பின்னாடி சாஞ்சா அது முன்பக்கத்து ஃபோர்ஸ்டே. முன்னாடி சாஞ்சா பேக்ஸ்டே. பக்கவாட்டுல சாஞ்சா ஷ்ரவுட். மரத்துல கை நீட்டின மாதிரி ரெண்டு குச்சி இருக்கே, அது ஸ்ப்ரெடர். படகோட அகலம் கம்மி, மரமோ உயரம். கம்பி மரத்தை ஒட்டியே போனா பிடிமானம் இருக்காது. அதனால கம்பியை வெளியே தள்ளி கோணத்தைக் கூட்டுது. வெட்டினாலும் மரம் அசையலை, பாய்தான் கீழே விழுதுன்னா அது இந்தக் கூட்டமே இல்ல, பாயை ஏத்துற கயிறு. நம்மூர்ல ஆஞ்சான்.

(நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் ரெண்டு ஒலிம்பிக்ல ஓட்டின படகு வகையில இந்தக் கம்பி ஒண்ணுகூட கிடையாது. சின்ன மரம், குழிக்குள்ள சொருகினா நிக்கும். மனப்பாடக் கோஷ்டி என்ன பண்ணுமோ! :-))

காமர்ஸ்காரனா ஒரு வார்த்தை. பழைய படகு வாங்குறவங்க முதல்ல புதுப் பாய்க்குத்தான் செலவு பண்ணுவாங்களாம். தப்புங்க. பாய் கிழிஞ்சா கண்ணுக்குத் தெரியும். கம்பியோ வெளியில பளபளன்னு இருந்துட்டு, கீழ்முனை இணைப்புக்குள்ள தண்ணி தேங்கி அரிச்சுட்டு இருக்கும். தேய்மானம் கணக்குல ஏறாத சொத்து! வெளிநாட்டுல பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் 10 வருஷம் தாண்டின கம்பியை மாத்தச் சொல்றதோ, நிபுணரை விட்டுச் சோதிக்கச் சொல்றதோ சும்மா இல்ல.

சோதனைக்கு ஒரு செலவில்லாத வழியும் இருக்கு. டிஷ்யூ பேப்பரைக் கம்பி மேல மெதுவா இழுத்துட்டே வாங்க. எங்கயாவது கிழிஞ்சு மாட்டினா அங்க ஒரு இழை அறுந்திருக்கு. வெறுங்கையால மட்டும் தடவிடாதீங்க, ரத்தம் வரும்.